கையொப்பமிடுமுன் அறிய வேண்டிய ஏழு சோடிச் சொற்கள்

கணினிக்கும் வியாபாரக் கணக்குக்கும் ஓர் அரிச்சுவடி

ஊரில் 'கணக்கு' என்ற ஒரே சொல் பல வேலைகளைச் செய்தது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் இருந்தது. சந்திக்கடையில் கொப்பியில் எழுதிய கடன் கணக்கு இருந்தது. வங்கியில் சேமிப்புக் கணக்கு இருந்தது. எந்தக் கணக்கைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் எவருக்கும் ஐயம் எழுந்ததில்லை. பேசுபவரும் கேட்பவரும் ஒரே ஊரவர்கள்.

புகலிட நாட்டில் அதே சொல் மூன்று முகங்களுடன் நம் முன்னே வந்து நிற்கிறது. பணம் வைத்திருக்கும் வங்கிக் கணக்கு ஒன்று. பெயரும் கடவுச்சொல்லும் இட்டுத் திறக்கும் கணினிப் பயனர் கணக்கு இன்னொன்று. ஆண்டு முடிவில் அரசுக்குக் காட்ட வேண்டிய வியாபாரக் கணக்கு மூன்றாவது. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் பெயர் 'அக்கவுண்ட்' என்பதுதான். "உமது அக்கவுண்ட் விபரங்களை உடன் அனுப்பவும்" என்று ஒரு கடிதம் வந்தால், கேட்பவர் யார், கேட்பது எதை என்று பிரித்தறியத் தெரியாதவர் மூன்றையும் எழுதிக் கொடுத்துவிடக்கூடும். மோசடிக்காரர் எதிர்பார்ப்பதும் அதனையே.

கணினிச் சொற்களைப் பிள்ளைகளுக்கும், வியாபாரச் சொற்களைக் கடை வைத்திருப்போருக்கும் உரியவை என்று ஒதுக்கி வைத்த காலம் முடிந்துவிட்டது. பிரித்தானியாவில் வதிவிட உரிமைக்குச் சான்றாக நாம் சட்டைப் பையில் வைத்திருந்த பிளாஸ்டிக் அட்டைகளில் மிகப் பெரும்பாலானவை 2024 டிசம்பர் 31 உடன் காலாவதியாயின. அவற்றின் இடத்தில் 'ஈ-விசா' எனப்படும் மின்பதிவு வந்திருக்கிறது. ஒருவர் இந்நாட்டில் சட்டப்படி வாழ்கிறார் என்பதற்கான சான்று இப்பொழுது ஒரு பயனர் கணக்கினுள் இருக்கிறது. வரி அறிக்கையும், வங்கியும், வாடகை விண்ணப்பமும் திரையினுள்தான் இருக்கின்றன. ஆகவே இரு பாடங்களும் ஒன்றாகிவிட்டன.

பல வீடுகளில் கடிதங்களை வாசித்துச் சொல்வது பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை. அப்பிள்ளைக்கு ஆங்கிலம் தெரியும்; வியாபாரம் தெரியாது. கணக்காளரிடம் கொடுப்போரும் உண்டு. அவருக்கு வியாபாரம் தெரியும். நாம் சொல்லாமல் விட்டவை தெரியா. பிள்ளை பிழையாக வாசித்தாலும், கணக்காளர் பிழையாக எழுதினாலும், சட்டம் கேள்வி கேட்பது கையொப்பமிட்டவரையே.

நூறு சொற்களை மனப்பாடம் செய்யுமாறு இக்கட்டுரை கேட்கவில்லை. பல்கலைக்கழகத்தில் விரிவுரை செய்த நாள்களில் நான் கண்டது ஒன்றுண்டு: மாணவனைத் தடுமாற வைப்பவை அவன் அறியாத சொற்கள் அல்ல, ஒன்றைப் போல் மற்றொன்று தோன்றும் சொற்களே. தெரியாத சொல்லை நிறுத்திக் கேட்போம். அரைகுறையாகத் தெரிந்த சொல்லைக் கேளாமலே கடந்துவிடுவோம். எனவே மயங்கும் சொற்களைச் சோடி சோடியாக எடுத்துக்கொள்வோம். எடுத்துக்காட்டுக்குப் பிரித்தானியச் சட்டத்தைக் கொள்கிறேன். சுவிற்சர்லாந்திலோ பிரான்சிலோ கனடாவிலோ தொகைகளும் திகதிகளும் வேறுபடும். சொற்களுக்கிடையிலான வேறுபாடு பெரும்பாலும் இதுவே.

இன்னொரு குறிப்பு. படிவம் தமிழில் வரப்போவதில்லை. ஆகவே பொருளை விளங்கிக்கொள்ளத் தமிழ்ச் சொல்லையும், படிவத்தில் அடையாளம் காண ஆங்கில ஒலியையும் ஒருங்கே பழகிக்கொள்வது நன்று.

1. சேமித்தலும் காப்புப் பிரதியும்

கணினியில் நாம் எழுதும் ஒவ்வொரு கடிதமும், எடுக்கும் ஒவ்வொரு படமும் ஒரு கோப்பு. ஆங்கிலத்தில் 'ஃபைல்' என்பர். இச்சொல் நூல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. முற்காலத்தில் ஐரோப்பிய அலுவலகங்களில் தாள்களை நூலில் கோத்துத் தொங்கவிட்டனர். நம் முன்னோரும் ஓலைகளைத் துளையிட்டுக் கயிற்றில் கோத்துச் சுவடியாக்கினர். கோத்து வைப்பது கோப்பு. கோப்புகளை இட்டு வைக்கும் உறை கோப்புறை, ஆங்கிலத்தில் 'ஃபோல்டர்'.

எழுதியதைக் கணினி மறவாதிருக்கச் செய்வது சேமித்தல், 'சேவ்'. சேமித்துவிட்டோம், இனி அச்சமில்லை என்று பலர் எண்ணுகின்றனர். அக்கணினி களவு போனால், நீர் பட்டுப் பழுதானால், சேமித்ததும் உடன் போய்விடும். அதே கோப்பின் இன்னொரு பிரதியை வேறோரிடத்தில் வைத்திருப்பதே காப்புப் பிரதி, 'பேக்கப்'. ஒரே பெட்டிக்குள் இரண்டு பிரதிகள் இருந்தால் அது காப்பு ஆகாது. பெட்டியோடு இரண்டும் போகும்.

மாலை வகுப்பொன்றில் ஓர் அம்மா என்னைக் கேட்டார்: "தம்பி, எல்லாரும் மேகத்திலை வைச்சிருக்கிறம் எண்டு சொல்லினம். அந்த மேகம் எங்கை இருக்கு?" நல்ல கேள்வி. 'கிளவுட்' என்று சொல்லப்படுவது வானத்தில் இல்லை. எங்கோ ஒரு நாட்டில், பெரிய கட்டடமொன்றினுள், ஒரு நிறுவனத்தின் கணினிகளில் நமது கோப்புகள் இருக்கின்றன. வாடகைக்கு எடுத்த களஞ்சிய அறை போன்றது அது. திறப்பு நமது கடவுச்சொல். திறப்பைத் தொலைத்தால் அறைக்குள் போக முடியாது. பிறரிடம் கொடுத்தால் அவரும் போவார்.

பிறப்புச் சான்றிதழ், புகலிட முடிவுக் கடிதம், மருத்துவ அறிக்கை ஆகியவற்றைத் தொலைபேசியில் படமெடுத்து வைத்திருப்போர் அவற்றின் பிரதியொன்றை வேறோரிடத்திலும் இன்றே வைத்துக்கொள்ளட்டும். எல்லை கடந்த வழியில் ஆவணங்களை இழந்த நமக்கு இதன் தேவையை விளக்க வேண்டியதில்லை.

2. கடவுச்சொல்லும் பகிர்வுக் குறியீடும்

தமிழில் 'பாஸ்போட்' கடவுச்சீட்டு, 'பாஸ்வேட்' கடவுச்சொல். இரண்டிலும் 'கடவு' இருக்கிறது. கடந்து செல்லும் வழியைத் திறப்பது என்பது பொருள். ஒரு காலத்தில் நம்மவர் கடவுச்சீட்டை முகவரின் கையில் கொடுத்துவிட்டு அது திரும்பி வருமா என்று மாதக்கணக்கில் காத்திருந்தனர். இன்று அதே நம்பிக்கையுடன் கடவுச்சொல்லைக் கொடுப்போரைப் பார்க்கிறோம்.

ஈ-விசாவில் இதற்கு வேறு வழி வகுக்கப்பட்டிருக்கிறது. வேலை தருபவரோ வீட்டுச் சொந்தக்காரரோ உங்கள் உரிமையைச் சரிபார்க்க வேண்டுமானால், நீங்கள் உங்கள் கணக்கைத் திறந்து, 'ஷேர் கோட்' எனப்படும் பகிர்வுக் குறியீடு ஒன்றை எடுத்துக் கொடுக்கலாம். எழுத்தும் எண்ணும் கலந்த ஒன்பது குறிகள் கொண்டது அது. 90 நாட்களுக்குச் செல்லும். அதனையும் உங்கள் பிறந்த திகதியையும் கொண்டு அவர் தமக்குரிய விபரத்தை மட்டும் பார்க்கலாம். எதையும் மாற்ற முடியாது. பகிர்வுக் குறியீடு யன்னல் போன்றது. கடவுச்சொல்லோ வாசற் திறப்பு. யன்னலைக் காட்டினால் போதுமான இடத்தில் திறப்பைக் கொடுக்க வேண்டாம்.

தொலைபேசிக்குக் குறுஞ்செய்தியாக வரும் ஒருமுறைக் குறியெண் இன்னொன்று. கடவுச்சொல்லுக்கு மேலே போடும் இரண்டாவது பூட்டு அது. வங்கி அலுவலர் என்று சொல்லிக்கொண்டு எவர் அதனைக் கேட்டாலும் சொல்லக்கூடாது. உண்மையான வங்கி அதைத் தொலைபேசியில் கேட்பதில்லை. ஐயம் எழுந்தால் இணைப்பைத் துண்டித்து 159 என்ற எண்ணை அழைக்கலாம். இந்நாட்டின் பெரும்பாலான வங்கிகளுக்கு அந்த எண் பாதுகாப்பாக இணைத்துவிடும். ஐயத்துக்குரிய குறுஞ்செய்தியை 7726 என்ற எண்ணுக்கு அனுப்பி முறையிடலாம்.

3. பற்றும் வரவும்

ஊரில் உயர்தரத்தில் வர்த்தகம் கற்றவர்களுக்குப் பேரேடும் ஐந்தொகையும் நினைவிருக்கும். அவற்றை வீணாய்ப் போன படிப்பு என்று பலர் எண்ணுகின்றனர். லூக்கா பச்சியோலி என்ற இத்தாலியத் துறவி 1494 இல் வெனிஸ் நகரில் அச்சிட்ட நூலில் விளக்கிய இரட்டைப் பதிவு முறையே யாழ்ப்பாணத்திலும் கற்பிக்கப்பட்டது. இலண்டனிலும் நடைமுறையில் உள்ளது. 'பலன்ஸ் ஷீட்' என்றால் ஐந்தொகை. 'லெட்ஜர்' என்றால் பேரேடு. படிப்பு வீணாகவில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது.

ஆயினும் வங்கிக் கூற்றைப் பார்க்கும்போது அவர்களும் தடுமாறுவர். கையிலுள்ள காசைப் பற்றுப் பக்கத்தில் எழுதக் கற்றோம். வங்கியோ நாம் வைப்பிட்ட பணத்தைக் 'கிரெடிட்', அதாவது வரவு என்று காட்டுகிறது. காரணம் எளிது. அக்கூற்று வங்கியின் ஏட்டிலிருந்து எடுக்கப்பட்டது. நமது பணம் வங்கிக்குக் கடன்; அது நமக்குத் திருப்பித்தர வேண்டியது. ஆகவே அதன் பக்கத்தில் வரவாக நிற்கிறது. கூற்றை வாசிக்கும்போது இது யாருடைய ஏடு என்று முதலில் கேட்க வேண்டும்.

'டெபிட் காட்' நமது பணத்தை எடுக்கிறது. 'கிரெடிட் காட்' வங்கியின் பணத்தைக் கடனாக எடுக்கிறது. கணக்கில் இல்லாத பணத்தை எடுப்பது 'ஓவர்டிராஃப்ட்', மேலதிகப் பற்று, அதுவும் கடனே. அது நமது பணம் என்று மயங்கக்கூடாது.

மாதக் கட்டணங்களிலும் ஒரு மயக்கம் உண்டு. 'ஸ்ராண்டிங் ஓடர்' என்பது நாம் வங்கிக்கு இடும் கட்டளை. இவ்வளவு தொகையை இந்நாளில் இன்னாருக்கு அனுப்பு என்பது. தொகையை மாற்றுபவர் நாமே. 'டிரெக்ட் டெபிட்' என்பது மற்றவர் நமது கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ள நாம் தரும் அனுமதி. மின்சாரக் கட்டணம் கூடினால், முன்னறிவித்தல் தந்து, கூடிய தொகையை அவர்களே எடுப்பார்கள். முன்னதில் நாம் தள்ளுகிறோம். பின்னதில் அவர்கள் இழுக்கிறார்கள்.

4. புரள்வும் இலாபமும்

ஏழு சோடிகளில் நம்மவர்க்கு அதிக நட்டம் விளைவிப்பது இதுவே.

ஒருவர் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார் என்று கொள்வோம். ஓராண்டில் அவர் விற்றது 96,000 பவுண். பொருள்களுக்கு 41,000; வாடகைக்கும் மின்சாரத்துக்கும் 22,000; சம்பளத்துக்கு 14,000. மீதி 19,000 பவுண். விற்ற மொத்தத் தொகை புரள்வு, ஆங்கிலத்தில் 'டேர்னோவர்'. செலவெல்லாம் போக நிற்பது இலாபம், 'புரொபிட்'. "எனக்கு மிஞ்சுவதே பத்தொன்பதாயிரம், எனக்கு எதற்கு வற் வரி?" என்று அவர் கேட்கிறார். கேள்வி நியாயமாகத் தோன்றுகிறது. சட்டமோ இலாபத்தைப் பார்க்கவில்லை. புரள்வைப் பார்க்கிறது.

2024 ஏப்ரல் 1 முதல், வரிக்குரிய விற்பனைப் புரள்வு எந்தப் பன்னிரண்டு மாதங்களிலாவது 90,000 பவுணைத் தாண்டினால், 'வற்' எனப்படும் பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்தாக வேண்டும். சனவரி தொட்டு டிசம்பர் வரை என்றோ, வரியாண்டு என்றோ கொள்ளக்கூடாது. ஒவ்வொரு மாத முடிவிலும் பின்னோக்கிப் பன்னிரண்டு மாதங்களைக் கூட்டிப் பார்க்க வேண்டும். தாண்டிய மாதத்தின் முடிவிலிருந்து 30 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால், பதிவு செய்திருக்க வேண்டிய நாளிலிருந்து வரியைக் கேட்பார்கள். 20 வீத வரியை உள்ளடக்கிய விலையில் வரியின் பங்கு ஆறில் ஒன்று. 12 பவுணுக்கு விற்ற சூடான சாப்பாட்டில் 2 பவுண் அரசின் பணம். வாடிக்கையாளர் சாப்பிட்டுப் போய்விட்டார். அந்த 2 பவுணை இனி அவரிடம் கேட்க முடியாது. கடைக்காரரின் 19,000 இலிருந்துதான் அது போகும்.

அடுத்த விடயம் கணினியையும் கணக்கையும் ஒரே மேசையில் அமர்த்துகிறது. 2026 ஏப்ரல் 6 முதல், சுயதொழிலாலும் வீட்டு வாடகையாலும் 2024-25 வரியாண்டில் 50,000 பவுணுக்கு மேல் வருமானம் காட்டியவர்கள் தமது பதிவுகளை மென்பொருளில் வைத்து, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வரித் திணைக்களத்துக்கு அனுப்ப வேண்டும். 2027 ஏப்ரலில் இந்த எல்லை 30,000 ஆகவும், 2028 ஏப்ரலில் 20,000 ஆகவும் இறங்குமாறு வகுக்கப்பட்டுள்ளது. இங்கும் எண்ணப்படுவது செலவு கழிக்குமுன் உள்ள தொகையே. இலாபம் குறைவு என்பதால் இது எனக்கன்று என்று கடிதத்தை ஒதுக்குவோர் கவனிக்க வேண்டும்.

'மென்பொருள்' என்றதும் அஞ்ச வேண்டியதில்லை. கணக்கு எழுதுவதற்கு மிகப் பழைய மென்பொருள் விரிதாள், 'ஸ்பிரெட்ஷீட்'. கணக்கர்கள் பயன்படுத்திய, நிரைகளும் நிரல்களும் கொண்ட அகன்ற தாளின் பெயரே அது. வர்த்தக மாணவராக இருந்த டான் பிரிக்லின், கரும்பலகையில் ஒரு தொகையை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லாத் தொகைகளையும் அழித்தெழுத வேண்டியிருப்பதைக் கண்டு, இதைக் கணினியே செய்யக்கூடாதா என்று எண்ணினார். அவரும் பொப் பிராங்ஸ்டனும் ஆக்கிய 'விசிகல்க்' 1979 இல் விற்பனைக்கு வந்தது. பல வியாபாரிகள் முதன்முதலாகக் கணினி வாங்கியதே அதற்காகத்தான். கொப்பியில் கோடிழுத்துக் கணக்கெழுதத் தெரிந்தவருக்கு விரிதாள் அந்நியமன்று. ஆனால் ஒன்றைக் கேட்டறிய வேண்டும்: நீங்கள் பயன்படுத்தும் விரிதாளோ மென்பொருளோ வரித் திணைக்களத்துக்கு நேராக அனுப்ப வல்லதா என்பது.

5. பூச்சிய வீதமும் வரிவிலக்கும்

"நான் அரிசியும் பருப்பும்தான் விற்கிறேன், அவற்றுக்கு வரியில்லை" என்பது பலசரக்குக் கடைக்காரரின் வாதம். பாதி உண்மை. அரிசி, பருப்பு, மரக்கறி போன்ற உணவுப் பொருள்களுக்கு வற் வரி பூச்சிய வீதம், 'சீரோ ரேட்டெட்'. வரி உண்டு, அதன் வீதம் பூச்சியம் என்பது பொருள். காப்புறுதி, அஞ்சல் முத்திரை போன்றவை வரிவிலக்குப் பெற்றவை, 'எக்செம்ட்'. வாங்குபவருக்கு இரண்டும் ஒன்றே. விற்பவருக்கு ஒன்றல்ல. பூச்சிய வீதப் பொருளின் விற்பனையும் 90,000 பவுண் எல்லைக்குள் கூட்டப்படும். விலக்குப் பெற்றதன் விற்பனை கூட்டப்படாது. பெரும்பாலும் பூச்சிய வீதப் பொருள்களையே விற்பவர், பதிவு செய்யாதிருக்க அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்க வேண்டும் என்பதே முக்கியம். சும்மா இருப்பது அனுமதி ஆகாது.

ஒரே இறாக்கையில் உள்ள பொருள்களுக்கும் வீதம் வேறுபடும். கேக்குக்குப் பூச்சிய வீதம். சொக்கலேற் பூசிய பிஸ்கற்றுக்கு முழு வீதம். யாஃபா துறைமுகத்துத் தோடம்பழத்தின் பெயர் கொண்ட 'ஜஃபா கேக்' கேக்கா பிஸ்கற்றா என்ற வழக்கு 1991 இல் வரித் தீர்ப்பாயத்தில் விசாரிக்கப்பட்டது. பழையதானால் கேக் இறுகும், பிஸ்கற் இளகும் என்பதும் அங்கே ஆராயப்பட்டது. கேக்கே என்று தீர்ப்பாயிற்று. பெரிய நிறுவனங்களே ஒரு சொல்லின் பொருளுக்காக வழக்காடும் நாட்டில், சிறு கடைக்காரர் ஒரு சொல்லின் பொருளைக் கேட்க வெட்கப்படத் தேவையில்லை.

6. கம்பனியும் கம்பனிக்காரரும்

கடைப் பெயரின் பின்னால் 'லிமிட்டெட்' என்று எழுதுவதை மதிப்புக்குரிய பட்டம் போலக் கருதுவோர் உளர். 'வரையறுக்கப்பட்டது' என்பது அதன் பொருள். வரையறுக்கப்படுவது பங்குதாரரின் பொறுப்பு. கம்பனி முறிந்தால், அவர் தமது பங்குக்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல் கடன்காரர் அவரிடம் கேட்க முடியாது.

இதனை உறுதிப்படுத்திய வழக்கு ஒரு குடும்பக் கடையின் வழக்கு. கிழக்கு இலண்டனின் வைற்சப்பல் பகுதியில் சப்பாத்து வியாபாரம் செய்த ஆரன் சலமன், 1892 இல் தமது தொழிலைக் கம்பனியாக்கினார். அன்று ஏழு பேர் தேவை. மனைவி, மகள், நான்கு ஆண்மக்கள், தாம் என எழுவர். மொத்தம் 20,007 பங்குகளில் 20,001 அவருடையது. தொழில் நொடிந்தது, கம்பனி என்பது சலமனின் வேறு பெயர்தானே, கடனை அவரே கட்டட்டும் என்று வழக்கு எழுந்தது. 1896 நவம்பரில் பிரபுக்கள் சபை மறுத்தது. கம்பனி வேறு ஆள், சலமன் வேறு ஆள் என்றது. இன்றும் அதுவே சட்டம்.

இதன் மறுபக்கமும் அறியப்பட வேண்டும். கம்பனி வேறு ஆள் என்பதால் கம்பனியின் வங்கிப் பணம் உங்கள் பணமன்று. வீட்டுச் செலவுக்கு நினைத்தபோது எடுக்க முடியாது. கடன் தருபவர்களும் சலமனின் வழக்கை அறிவார்கள். ஆகவே கடையின் கடன் பத்திரத்தோடு இன்னொரு தாளையும் நீட்டுவார்கள். அதன் தலைப்பில் 'பேர்சனல் கரண்டி' என்றிருக்கும், ஆள்பிணை. அதில் ஒப்பமிட்டால், 'லிமிட்டெட்' என்ற சொல் தந்த காப்பு அந்தக் கடனைப் பொறுத்தவரை நீங்கிவிடும். கம்பனி முறிந்தால் வீடு வரைக்கும் வருவார்கள். கடைக் குத்தகையிலும் இத்தகைய பிணை கேட்கப்படுவதுண்டு.

'பெயருக்கு மட்டும் பணிப்பாளர்' என்ற வழக்கம் நம்மிடையே உண்டு. மச்சான் கேட்டார், ஒப்பமிட்டேன் என்பர். சட்டத்தில் அப்படியொரு பதவி இல்லை. பணிப்பாளர் எவரும் பணிப்பாளரே. ஆண்டுக் கணக்கை உரிய நாளில் கம்பனிப் பதிவகத்துக்கு அனுப்பாவிட்டால் கம்பனிக்குத் தண்டம், பணிப்பாளர்மீது குற்றம். 2025 நவம்பர் 18 முதல் புதிய பணிப்பாளர்கள் தமது அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டும். ஏற்கெனவே உள்ளவர்களும் தொடரும் ஓராண்டுக் காலத்துள் செய்தாக வேண்டும். உறவை மறுக்கச் சொல்லவில்லை. ஒப்பமிடுமுன் கணக்கைக் காட்டுமாறு கேட்பது உறவுக்கு மாறானதன்று.

7. ஊழியரும் சுயதொழிலாளரும்

'எம்ப்ளோயீ' என்றால் ஊழியர். அவருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் உண்டு, ஆண்டுக்கு 5.6 வாரச் சம்பள விடுமுறை உண்டு. வரியை முதலாளியே கழித்துக் கட்டுவார். கையில் சம்பளச் சிட்டை வர வேண்டும். வேலையை விட்டால் 'பி 45', ஆண்டு முடிவில் வேலையில் இருந்தால் 'பி 60' என்ற தாள்கள் வர வேண்டும். 'செல்ஃப் எம்ப்ளோய்ட்' என்றால் சுயதொழிலாளர். அவருக்கு இவற்றில் எதுவுமில்லை. வரியைத் தாமே கட்ட வேண்டும். ஆண்டு விற்பனை 1,000 பவுணைத் தாண்டினால், வரியாண்டு முடிந்தபின் வரும் ஒக்டோபர் 5 இற்குள் வரித் திணைக்களத்தில் பதிவு செய்து, அடுத்த சனவரி 31 இற்குள் கணினிவழி அறிக்கை அனுப்பிப் பணமும் செலுத்த வேண்டும்.

"உம்மைச் சுயதொழிலாளராய்ப் போட்டிருக்கிறேன், அது உமக்கு நல்லது" என்று சொல்லும் முதலாளிகள் உளர். அவர்களில் தமிழரும் உளர். எந்நேரம் வர வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்பதை அவரே தீர்மானித்து, உமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பவும் இயலாதெனில், தாளில் எழுதிய பெயர் ஒன்று, உண்மை மற்றொன்று. சட்டம் பார்ப்பது வேலையின் உண்மை நிலையை. இழந்த விடுமுறையையும் சம்பளத்தையும் கேட்கும் உரிமை அங்கேதான் தங்கியுள்ளது.

புகலிடம் கோரி முடிவுக்காகக் காத்திருப்போருக்கு இச்சொல் இன்னும் கூர்மையானது. அவர்கள் பொதுவாக வேலை செய்ய அனுமதிக்கப்படுவதில்லை. தம் தவறின்றி 12 மாதங்கள் கடந்தும் முடிவு வராதோர் அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். அது கிடைத்தாலும் குறித்த தொழில்களுக்கு மட்டுமே, சுயதொழிலுக்கு அன்று. "இது வேலையில்லை, செயலியில் பதிந்து சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பதுதான்" என்று சொல்லித் தமது பயனர் கணக்கை வாடகைக்கு விடுவோர் இருக்கின்றனர். அது சுயதொழில், 2016 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தின் கீழ் அனுமதியற்ற வேலை குற்றமாகும். கணக்கு இன்னொருவர் பெயரில். பணம் வருவதும் அவருக்கு. அவர் தராவிட்டால் முறையிட இடமில்லை. பிடிபட்டால் இழப்பது புகலிட வழக்கின் நம்பகத்தை. சில நூறு பவுணுக்காக ஒரு வாழ்க்கையைப் பணயம் வைக்குமுன் இச்சொல்லின் பொருளை வழக்கறிஞரிடம் கேட்பது நலம். அனுமதியற்றவரை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கும் முதல் தடவைக்கே ஆளொருவருக்கு 45,000 பவுண் வரை தண்டம் விதிக்கப்படலாம் என்பதைக் கடைக்காரர்களும் நினைவில் கொள்க.

செய்ய வேண்டியது

ஒரு கொப்பி வாங்குங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் நான்கு நிரல்களாகப் பிரியுங்கள். முதலாவதில் படிவத்தில் கண்ட ஆங்கிலச் சொல். இரண்டாவதில் அதன் தமிழ். மூன்றாவதில் அதனோடு மயங்கும் சோடிச் சொல். நான்காவதில் உங்கள் சொந்த வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. நான்காவது நிரலை நிரப்ப முடியாவிட்டால் அச்சொல் இன்னும் விளங்கவில்லை என்று கொள்ளுங்கள். பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள்; பொருளைப் பிள்ளையிடம் கேளாமல், இருவரும் சேர்ந்து தேடுங்கள். பெற்றோரின் கடனுக்கும் வரிக்கும் பிள்ளை பொறுப்பாளியன்று.

உதவிக்கு இடங்கள் உண்டு. 'சிற்றிசன்ஸ் அட்வைஸ்' நிலையங்கள் கட்டணமின்றி ஆலோசனை தருகின்றன. குறைந்த வருமானமுள்ளோரின் வரிச் சிக்கல்களுக்கு 'டாக்ஸ்எயிட்' என்ற தொண்டு நிறுவனம் உதவுகிறது. பொது நூலகங்களில் கணினியும், அதனைப் பழகிக்கொள்ள ஓர் இருக்கையும் கிடைக்கும்.

யாரேனும் தாளை நீட்டி, "இதிலை ஒரு சைன் வையுங்கோ, ஒண்டுமில்லை" என்றால், ஒன்றுமில்லாத தாளுக்குக் கையொப்பம் தேவைப்படாது என்று நினைவுகூருங்கள். "நாளைக்குத் தாறன்" என்று சொல்லி வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். தலைப்பை வாசியுங்கள். அதில் விளங்காத சொல் எதுவென்று அடிக்கோடிடுங்கள். அச்சொல்லை நாலாவது நிரல் வரை எழுதி முடித்தபின் பேனாவை எடுங்கள்.